குறிஞ்சியில் குடியேறுதல்

நகரத்தில் இருபது முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் கொடைக்கானலிலோ கோத்தகிரியிலோ ஒரு சின்ன வீடு என்பது இன்று நடுத்தர வர்க்கத் தமிழர்களின் பொதுக் கனவாகிவிட்டது. கணினி வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று ஆனபின், ஓய்வுக்காலம் வரை காத்திருக்கவும் அவசியமில்லை. இந்தக் கனவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சென்ட் விலை, பட்டா, தண்ணீர் வசதி, காட்டெருமை, நல்ல மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் அலசுகிறார்கள். தேவையான பேச்சுதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஓர் ஊர் அழகாக இருக்கிறது என்பது, அங்கே போய்க் குடியேறுவதற்கு நியாயமான காரணமாகுமா? பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர் உண்டு, பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சி ஓடியவர் உண்டு, கல்யாணமாகிப் போனவர் உண்டு. கண்ணுக்கு இனிமை என்பதற்காகவே ஊர் மாறுவது, பெருவாரியான மனிதர்களுக்கு வாய்த்த வரலாற்றில் புதிது. நிலத் தரகர் “வியூ இருக்கு சார்” என்று சொல்லும்போது, அந்த மூன்று சொற்களுக்காக மனையின் விலை ஏறுகிறது. ஏறிய அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கிறது? மலை கிடைப்பதில்லை. மலையைத் தன் சன்னலுக்குள் வைத்துக்கொள்ளும் வசதி கிடைக்கிறது. அழகு நம்மை ஓரிடத்துக்கு அழைக்கலாம், ஆனால் அங்கே வாழும் உரிமையை அது தந்துவிடாது என்பது என் வாதம். அந்த உரிமை வருமானால் அது வேறு வழியாகத்தான் வரவேண்டும். அந்த வழியில் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதும் பெரும்பாலும் அந்தக் காட்சிதான்.

நம் சமய மரபு இதில் விந்தையான ஒரு நிலையை எடுத்திருக்கிறது. தெய்வங்களுக்கு மலையை வாரி வழங்கிய மரபு, மனிதர்களை அங்கே எளிதில் தங்கவிடுவதில்லை. பெரியபுராணத்தில் இரண்டு பேர் கயிலைக்குப் புறப்படுகிறார்கள். காரைக்கால் அம்மையார் அந்த மலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்து போகிறார். அப்படிப் போய்ச் சேர்ந்தவரை இறைவன் அங்கேயே இருத்திக்கொள்ளவில்லை. திருவாலங்காட்டுக்கு, சுடலைக்கு அனுப்புகிறார். நாவுக்கரசர் கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டு போகிறார். பாதி வழியில் பொய்கை ஒன்றில் மூழ்கி எழுந்தால் திருவையாறு. கயிலைக் காட்சி கிடைப்பது காவிரிக் கரையில், வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஓர் ஊரில். சேக்கிழார் இதை எந்த நோக்கத்தில் அமைத்திருந்தாலும், மலையை மனிதன் போய் உட்கார்ந்துகொள்ளும் இடமாக அவர் கருதவில்லை என்பது தெளிவு. பழனியில் கதை தலைகீழ். அங்கே தெய்வமே வந்தேறி. கயிலையை விட்டுக் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளை, எல்லாம் துறந்து, கோலூன்றி நிற்கிறது. அந்த மலைக்கு வருகிறவர் காவடி சுமந்து வரவேண்டும் என்பது வழக்கம்; இடும்பன் இரண்டு குன்றுகளையே காவடியாகச் சுமந்து வந்தவன். கொடைக்கானல் இருப்பது அதே பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில். முருகனைத் தேடி வந்தவர்கள் தோளில் பாரத்தோடு ஏறினார்கள். கோடைவாசம் தேடி வந்த ஐரோப்பியர்களையோ, சாலை வருமுன் டோலியில் வைத்துப் பிறர் சுமந்துகொண்டு ஏறினார்கள். மலைக்கு வருவதில் இந்த இரண்டு முறைகளும் இன்னும் தொடர்கின்றன. டோலிக்குப் பதில் வேறு வாகனம், அவ்வளவுதான்.

காட்சி இன்பத்தை மேலை மரபும் சந்தேகத்தோடு பார்த்ததுண்டு. 1336-ல் பெட்ரார்க் தன் தம்பியோடு வாந்தூ மலையுச்சிக்கு ஏறி, கையில் கொண்டுபோயிருந்த அகஸ்தீனின் ‘வாக்குமூலங்கள்’ நூலைப் பிரித்தாராம். மலைகளையும் கடல்களையும் வியந்து திரியும் மனிதர்கள் தம்மைத் தாமே கவனிக்காமல் விடுவதைக் கண்டிக்கும் இடம் கண்ணில் பட்டதாம். இறங்கும் வழியெல்லாம் அவர் பேசவில்லை என்று எழுதியிருக்கிறார். இவ்வளவு பொருத்தமான பக்கம் தானாகத் திறந்ததா என்று ஆய்வாளர்கள் ஐயப்படுவதுண்டு. அது இருக்கட்டும். அகஸ்தீனின் கண்டிப்பை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. வெளியே பார்ப்பதால் உள்ளே பார்ப்பது கெடும் என்பது எப்போதும் உண்மையில்லை. எனக்கு உதவுகிறவர் கான்ட். 1790-ல் வெளிவந்த தன் அழகியல் நூலின் தொடக்கத்திலேயே அவர் ஓர் அரண்மனையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். அது அழகாக இருக்கிறதா என்று கேட்டால், அது வீண் செலவு என்றோ மக்களின் வியர்வையில் எழுந்தது என்றோ ஒருவர் பதில் சொல்லலாம். அவையெல்லாம் சரியாக இருக்கலாம்; ஆனால் கேட்ட கேள்விக்கு அவை பதிலல்ல. அழகை அழகென்று உணர்வது, அந்தப் பொருள் எனக்கு வேண்டும் என்ற ஆசையிலிருந்து விடுபட்ட மகிழ்ச்சி என்பது அவர் கருத்து. இதை ஒப்புக்கொண்டால் நம் கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்துவிடுகிறது. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே பெரியகுளம் பக்கச் சமவெளியை மேகத்தின் இடுக்கில் பார்த்து ஒருவர் மெய்ம்மறக்கும் கணத்தில், அந்த இடம் தனதா பிறனதா என்ற நினைப்பே அவருக்கு இல்லை. “இங்கேயே ஒரு மனை வாங்கிப் போட்டால் என்ன” என்று தோன்றும்போது வேறொன்று தொடங்கிவிடுகிறது. அது தவறு என்று சொல்லவில்லை. முதல் மகிழ்ச்சி எவ்வளவு தூயதானாலும், இரண்டாவது ஆசைக்கு அது சான்றிதழ் ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது ஆசைக்குள் ஒரு முரண் இருக்கிறது. ஓரிடத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறவர், தன்னைப் போன்றவர்கள் அதிகம் பேர் இன்னும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால்தான் தேர்ந்தெடுக்கிறார். மேடு பள்ளமாக விரிந்த புல்வெளி, இடையிடையே சோலை, பனிக்குள் மங்கும் ஒன்றிரண்டு ஓட்டுக்கூரைகள். இந்தப் படத்தில் அவருடைய வீடு மட்டும் சேரலாம், அடுத்தவருடையது சேரக்கூடாது. எல்லோருக்கும் பொதுவாக்கினால் தன்னையே அழித்துக்கொள்ளும் விதி எந்த அறத்துக்கும் அடிப்படையாகாது. கொடைக்கானலின் வரலாறே இதைச் சொல்கிறது. மதுரையில் காய்ச்சலிலும் காலராவிலும் உறவுகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களைக் கொண்டுவந்தது உயிர்ப் பயம். பதினெட்டு ஆண்டுகளில், 1863-ல், மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவின்ஞ் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். இன்று இயற்கை எழில் என்று நாம் படம் எடுப்பதில் முதலிடம் இந்தச் செயற்கை ஏரிக்குத்தான். பிறகு விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்குமாக வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நடப்பட்டன. நடப்பட்ட இடம் காடல்ல, புல்வெளி. வெறும் தரிசு என்று அதிகாரிகள் எண்ணிய அந்தப் புல்வெளிதான் மழையைப் பிடித்து வைத்து, சோலைகளின் வழியே ஆண்டு முழுக்க ஓடைகளுக்குக் கசியவிடுவது. பைன் காட்டில் நின்று புகைப்படம் எடுப்பவருக்கு அது ஒரு நீர்த்தொட்டியை மூடிய மூடி என்று தெரிய வழியில்லை. கண்ணுக்கு அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. அழகை மட்டும் வழிகாட்டியாகக் கொள்வதன் ஆபத்து இங்கே வெளிப்படுகிறது. மலை நலமாக இருப்பதற்கும் மலை அழகாகத் தெரிவதற்கும் நெருங்கிய தொடர்பு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

தமிழ் இலக்கண மரபு மலையைப் பார்த்த விதம் இதற்கு நேர் எதிரானது. தொல்காப்பியம் குறிஞ்சியைச் சொல்லும்போது மலையும் மலைசார்ந்த நிலமும் முதற்பொருள். அதனோடு கூதிரும் முன்பனியும் யாமமும் ஆகிய பொழுதுகள். அங்கேயே நின்றிருந்தால் அதுவும் ஒரு காட்சிதான். ஆனால் உடனே கருப்பொருள் வருகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் தினைப்புனம் காப்பதும் இல்லாமல் அந்த நிலம் நிறைவதில்லை. உரிப்பொருள் என்ற மனித உணர்ச்சி, இத்தனையும் சேர்ந்த பின்னணியில்தான் நிகழ்கிறது. பண்டைய கவிஞர்களுக்கு மலையழகு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். ஆனால் அந்தப் பூக்களைப் பறித்துக் குவிப்பவர்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்ட வந்த பெண்கள். வேலைக்கு நடுவே கண்ட அழகு அது. இன்றைய மலைவீட்டு விளம்பரத்தில் முதற்பொருள் மட்டும் இருக்கிறது: மலை, பனி, காலைப் பொழுது. அந்த மலையின் உணவு எது, தொழில் எது, தெய்வம் யாருடையது என்பதற்கு அதில் இடமில்லை. பழனி மலையில் பளியர் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள் என்பதுகூட அங்கே பத்தாண்டு வீடு வைத்திருக்கும் பலருக்குச் செய்தியாக இருக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு எந்த ஊர்ப் படிக்கட்டு வயல்களில் எந்தக் குளிரில் விளைகிறது என்று தெரியாமலே அதை வாங்கிச் சமைக்கலாம். இப்படிப் பாதி நிலத்தில் வாழ்வது வாழ்வதாகுமா என்பதே கேள்வி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோருமே வந்தவர்கள்தானே? பழனி மலையில் நெடுங்காலமாக வேளாண்மை செய்யும் குன்னுவர்கள், முன்னோர் கோயம்புத்தூர்ப் பக்கச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வந்தபோது பளியர்கள் இருந்தார்கள். யார் முதலில் வந்தார் என்று பார்த்து உரிமையைப் பங்கிட்டால், சமவெளியில்கூட எவரும் நிம்மதியாக ஒரு வீட்டில் இருக்க முடியாது. மறுப்பு சரியானது, ‘மண்ணின் மைந்தர்’ வாதத்தில் எனக்கும் நாட்டமில்லை. ஆனால் நான் கேட்பது எப்போது வந்தார் என்பதை அல்ல, வந்தபின் அந்த இடம் அவரிடமிருந்து எதைப் பெற்றது என்பதை. நீலகிரியைப் பாருங்கள். 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்க ஒப்பிய இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேர். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. 1968-ல் தொடங்கிய அந்தத் திட்டமே பின்னர் டேன்டீ என்ற கழகமானது. இவர்கள் அந்த மலையைக் காட்சிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவிட்டு, குடியுரிமை இல்லாதவர்கள் என்று இன்னொரு மலைக்கு அனுப்பப்பட்டார்கள். உதகைச் சாலையில் வண்டியை நிறுத்தி நாம் படம் பிடிக்கும் பச்சைச் சரிவு அவர்களுக்கு வேலைத்தளம். பணி ஓய்வுக்குப் பின் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிவருமோ என்ற கவலை அவர்களுக்கு உண்டு. அதே சரிவில் வந்து ஆறு மாதத்தில் கிரயம் முடித்தவருக்கு அந்தக் கவலை கிடையாது. இந்த இரண்டு வந்தேறிகளையும் ‘எல்லோரும் வந்தவர்களே’ என்று ஒரே வரியில் அடைப்பது நியாயத்தைக் குழப்புவது. மலைக்கு உழைப்பைத் தந்தவருக்கு இடம் நிச்சயமில்லை. மலையைப் பார்க்க மட்டும் வந்தவருக்கு இடம் எழுதப்பட்டுவிட்டது.

இன்னொரு மறுப்பு ஆன்மிகத்தின் பக்கத்திலிருந்து வரும். மலையின் தனிமை மனத்தை அடக்க உதவுகிறது, முனிவர்களெல்லாம் மலையைத்தானே நாடினார்கள், நாங்களும் அதற்காகத்தான் போகிறோம் என்பார்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. மாங்குளத்துக் குகைகளில் உள்ள தமிழி எழுத்துகள், தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் சேர்ந்தவை. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது? கணிநந்தன் என்ற துறவியின் பெயர் இருக்கிறது. கூடவே நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர் பெயரும், படுக்கை செதுக்கக் கொடை தந்தவர்கள் விவரமும் இருக்கின்றன. துறவியின் தனிமைக்குப் பின்னால் இத்தனை பேர். கீழே ஊர் இருந்தால்தான் மேலே துறவு. அந்தத் துறவிகள் அதை மறைக்கவில்லை, கல்லிலேயே கணக்கெழுதி வைக்க விட்டார்கள். படுத்துக்கொள்ள ஆறடிப் பாறைக்கு மேல் அவர்கள் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ரமணரின் கதையையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். 1896 செப்டம்பரில் திருவண்ணாமலைக்கு வந்தவர் 1950-ல் மறையும் வரை அங்கிருந்து போகவில்லை. பாறையும் முட்புதரும் வெயிலுமான அந்த மலையை எழிலுக்காக ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. பேர் கேட்டதும் பிடித்துக்கொண்ட ஒரு பிணைப்பு அது. பிணைப்பில் தேர்வுக்கு இடம் குறைவு. தனிமை தேடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் தனிமை வேண்டும் என்பதற்காக மூன்று படுக்கையறை, ஜெனரேட்டர், கோடையில் லாரித் தண்ணீர், ஊரிலிருந்து வந்து சமைத்துப் போகும் ஓர் அம்மா என்று ஏற்பாடு செய்துகொண்டு அதைத் தவம் என்று அழைப்பதில் கணக்கு எங்கோ இடிக்கிறது.

பொருளாதார மறுப்பைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் வந்தால் வேலை வருகிறது, பணம் புழங்குகிறது. வருகிறதுதான். ஆனால் விளைநிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவரின் மகன், அதே நிலத்தில் எழுந்த பூட்டிய வீட்டுக்குக் காவலாளியாக ஆவதை வளர்ச்சி என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. வேலை தருகிறோம் என்ற ஒன்றே போதிய நியாயமில்லை என்பதைக் கொடைக்கானல் மிகக் கசப்பான முறையில் கற்றிருக்கிறது. பாம்பாறு சோலைக்கு மேலே, வெளிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1980-கள் முதல் இயங்கியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001-ல் அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. அந்தத் தொழிற்சாலையும் ஒரு வகையில் ‘நல்ல காற்றும் குளிரும் உள்ள மலையூர்’ என்று பார்த்து வந்ததுதான். இதை இங்கே சொல்வது வீடு வாங்குகிறவரையும் பாதரசத்தையும் ஒன்றாக வைக்க அல்ல. மேலே நடப்பது கீழே இறங்கும் என்ற எளிய விதியைக் காட்டத்தான். பாம்பாற்றுத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்குப் போகிறது. மலைத்தொடரின் வடசரிவுத் தண்ணீர் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்குப் போகிறது. மேலே ஒரு வீட்டின் கழிவுத் தொட்டி எங்கே திறக்கிறது என்பது, அந்த வீட்டுக்காரர் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு வயலின் செய்தி. சன்னலிலிருந்து அந்த வயல் ஒரு பச்சைக் கட்டமாகத் தெரியவும் செய்யலாம்.

அப்படியானால் யாருமே மலைக்குப் போய் வாழக்கூடாதா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. வரவிடாமல் தடுப்பவர் கபிலர். அவர் பாரி ஆண்ட பறம்பு மலைக்காரர் அல்ல. திருவாதவூரில் பிறந்தவர் என்பது மரபு. மதுரைச் சமவெளியிலிருந்து, இன்று பிரான்மலை என்று கருதப்படும் அந்தக் குன்றுக்குப் போனவர். நம் இலக்கியத்தில் மலையை விரும்பிப் போய்த் தங்கிய வெளியூர்க்காரர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். பாரியின் நட்பும் மலையின் வளமும் அவரைப் பிடித்து வைத்தன. மூவேந்தர்கள் முற்றுகையிட்டபோது அவர் கீழே இறங்கிப் போயிருக்கலாம். அரசவைகளில் அவருக்கு இடம் இல்லாமல் போயிருக்காது. அவர் உள்ளேயே இருந்தார். பாரி இறந்தபின் அவன் மகள்களைக் கூட்டிக்கொண்டு, அவர்களை மணந்துகொள்ளும்படி ஒவ்வொரு மன்னரிடமாகப் போய்க் கேட்டார்; மறுத்தவர்களிடம் பட்ட அவமானமும் அவருக்கே சேர்ந்தது. கடைசியில் பெண்ணையாற்றங்கரையில் உயிர்விட்டார் என்று மரபு சொல்கிறது. திருக்கோவலூர்க் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அவர் தீப்புகுந்ததைக் குறிப்பிடுகிறது. பறம்பின் அழகைப் பாடிய அதே மனிதர், பறம்பின் இழப்பையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். மலை கையைவிட்டுப் போனபிறகும் அதன் கடன் அவரை விடவில்லை. ஓரிடத்தில் வாழ்வது என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பிறப்பால் வராத உரிமையை அவர் அந்த இடத்தின் கேட்டில் பங்கெடுத்துச் சம்பாதித்தார். இவ்வளவு பெரிய சோதனை எல்லோருக்கும் வராது, வரவும் வேண்டாம். ஆனால் அளவு சிறிதானாலும் கேள்வி அதே கேள்விதான். நிலச்சரிவில் சாலை துண்டிக்கப்பட்ட வாரத்திலும், ஏப்ரல் மாதத் தண்ணீர்ப் பஞ்சத்திலும், நகராட்சியின் குப்பைத் தகராறிலும் நீங்கள் அங்கே இருக்கிறீர்களா, அல்லது சென்னை வீட்டுக்குப் போய்விடுகிறீர்களா?

இந்தக் கேள்வி வீட்டை எங்கே கட்டுவது என்பதில் தொடங்கிவிடுகிறது. பூம்பாறையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக நிற்கும், சுற்றிலும் சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல். அங்கே பல வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். நல்ல காட்சியெல்லாம் பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கிடைத்திருக்கிறது. குளிர், காவல், தண்ணீர், விளைநிலச் சிக்கனம் என்று அதற்குக் காரணங்கள் இருக்கலாம். அழகியல் துறவு என்று அதை நான் புனிதமாக்கப் போவதில்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள். வீடுகள் ஓரிடத்தில் குவிந்ததால் மலை மிச்சமிருக்கிறது. அதனாலேயே அந்த ஊரைச் சாலை வளைவில் நின்று எல்லோரும் ரசிக்க முடிகிறது. காட்சி வீடோ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. அதற்கு விளிம்பு வேண்டும், சரிவு வேண்டும், முன்னால் இன்னொரு வீடு இருக்கக்கூடாது. மழை மண்ணை அறுக்கும் இடமும் அந்தச் சரிவுதான். ஆக, ஒரு மலையூரை உண்மையில் விரும்புகிறவர் அதன் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே, மலை தெரியாத ஒரு தெருவில், ஏற்கெனவே நிற்கும் ஒரு பழைய வீட்டில் வாழத் தயாராக இருக்கவேண்டும். மலையைப் பார்க்க வேண்டுமானால் எல்லோரையும்போல நடந்து போய்ப் பார்க்கட்டும். இது கேலியாகச் சொன்னதில்லை. கொடைக்கானலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. கோக்கர் என்ற பொறியாளர் 1872-ல் மலைவிளிம்பில் அமைத்தது ஒரு நடைபாதை. அந்த விளிம்பு பங்களாக்களுக்கு மட்டும் போய்விடாமல் நடப்பவர்களுக்கும் மிஞ்சியது. குறிஞ்சி ஆண்டவர் கோயில் இன்னும் நல்ல உதாரணம். 1936-ல் அதைக் கட்டுவித்தவர் இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, இந்துவாக மாறிய வெள்ளைக்காரப் பெண்மணி. வந்தேறிக்குள் வந்தேறி. வானம் தெளிந்த நாளில் ஒரு பக்கம் பழனியும் இன்னொரு பக்கம் வைகை அணையும் தெரியும் இடம் அது. தரகர் கண்ணில் பட்டால் விலை சொல்ல முடியாத மனை. அங்கே அவர் முருகனைக் குடிவைத்தார். இன்று பார்க்க வருகிற யாரும் அவரிடம் அனுமதி கேட்பதில்லை.

இதையெல்லாம் தனிமனித மனசாட்சியில் போடுவானேன், சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டம் பார்க்காமல் இல்லை. மலையிடங்களில் கட்டடம் கட்டத் தனி விதிகள் இருக்கின்றன. விதிமீறிய கட்டடங்களுக்குக் கொடைக்கானலில் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூட்டும் போட்டார்கள். 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று சுற்றுலா வாகனங்களுக்கு உச்சவரம்பும் வந்தது. எல்லாம் தேவை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கோணல் இருக்கிறது. ஒரு நாள் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறவர் வரிசையில் நின்று அனுமதி பெறுகிறார்; நிரந்தரமாக ஒரு சரிவை எடுத்துக்கொள்கிறவருக்கு உள்ளூர்வாசி என்ற தகுதி கிடைத்துவிடுகிறது, வரம்பு அவரைத் தொடுவதில்லை. கான்டின் அளவுகோலில் பார்த்தால் இருவரில் அழகுக்கு நெருக்கமாக நின்றவர் முதலாமவர்தான். அவர் எதையும் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் குப்பை போட்டிருக்கலாம், அது வேறு வழக்கு. விதிகள் மாடிகளை எண்ணும், சரிவின் பாகையை அளக்கும். வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று அவை கேட்க முடியாது. அதை அவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதே வீடு, இதே ஊர், இதே குளிர், இதே அக்கம்பக்கம், ஆனால் சன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டின் சுவர் என்றால் வாங்குவேனா? வாங்குவேன் என்பவருக்கு அந்த ஊரில் செய்ய நிறைய வேலை இருக்கிறது. மாட்டேன் என்பவர்தான் பெரும்பான்மையாக இருப்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இ-பாஸ் எடுத்து, நான்கு நாள் அறை போட்டு, விளிம்பு வரை நடந்து பார்த்துவிட்டு, வத்தலக்குண்டு வழியாக அவர் இறங்கிப் போகலாம்.